ஆடலரங்கிலிருந்து ஆட்சிப் பீடத்திற்கு
சர்தானா பேகம் யோவன்னாவின் வரலாறு

உத்தரப் பிரதேச மாநிலத்தில், மீரட் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சர்தானா என்னும் சிற்றூர் உள்ளது. கரும்பு வயல்கள் சூழ்ந்த அவ்வூரில் இரு கூர்ங்கோபுரங்களும் வெண்ணிறத் தூண்களும் கொண்ட பேராலயம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் திங்களில் அருள்களின் அன்னையைத் தரிசிக்க அங்கே பல்லாயிரவர் கூடுகின்றனர். கிறிஸ்தவர் மட்டுமல்லர், இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏந்தி வருகின்றனர். அவ்வாலயத்தைக் கட்டியவர் ஆயரும் அல்லர், ஐரோப்பிய மறைபரப்பாளரும் அல்லர். அவர் ஓர் இந்தியப் பெண். இளமையில் தில்லியின் கடைத்தெரு மாடியொன்றில் காலில் சலங்கை கட்டி ஆடியவர். பின்னாளில் படை நடத்தி நாடாண்டவர்.

பேகம் சம்ரு என்று வடநாட்டார் வழங்கும் இவ்வம்மையாரைப் பற்றித் தமிழ் மக்கள் அறிந்திருப்பது மிகச் சிறிதே. இந்திய நாட்டில் கத்தோலிக்க மறையைத் தழுவி, ஒரு நிலப்பகுதியை அரை நூற்றாண்டுக்கு மேல் தம் பெயரால் ஆண்ட பெண்மணி இவர். இவரைப் புனிதர் வரிசையில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அவ்வரிசையில் நிறுத்தத்தக்க வாழ்வும் அன்று அது. ஆயினும் கண்ணீரும் வீரமும், தவறும் தாராளமும் கலந்த இந்த வாழ்விலிருந்து நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல உண்டு.

தந்தையை இழந்த சிறுமி

சுமார் 1750-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய பாக்பத் மாவட்டத்திலுள்ள கூத்தானா என்னும் ஊரில் அவர் பிறந்தார் எனப் பெரும்பாலோர் கூறுவர். காஷ்மீரத்துப் பெண் என்பாரும் உளர். பெற்றோர் இட்ட பெயர் பர்சானா. தந்தை லத்தீப் அலி கான், அரபு வழிவந்த முஸ்லிம் குடும்பத்தவர். பர்சானாவின் தாய் அவருக்கு இரண்டாம் துணைவி. தந்தை இறந்ததும், மூத்தாளின் மகன் தாயையும் சிறுமியையும் கொடுமைப்படுத்தவே, இருவரும் வீட்டைத் துறந்து தில்லி வந்து சேர்ந்தனர்.

அக்காலத் தில்லி பழைய தில்லியாக இல்லை. பாரசீகத்து நாதிர் ஷா 1739-இல் கொள்ளையிட்டுச் சென்ற பின், ஆப்கானியரும் மராட்டியரும் மாறி மாறி அதைச் சூறையாடினர். பேரரசர் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. அத்தகைய நகரில் ஆண் துணையற்ற தாயும் மகளும் பிழைக்க வழியேது? சாவ்ரி பஜாரில் ஆடல் மகளிர் வாழ்ந்த மாடங்களில் ஒன்று பர்சானாவுக்குப் புகலிடமாயிற்று. அங்கே அவள் ஆடலும் பாடலும் கற்றாள். பாரசீகமும் உருதும் பேசக் கற்றாள். அவையறிந்து உரையாடவும், ஆளறிந்து பழகவும் கற்றாள்.

ஒன்றை நாம் இங்கே மறத்தலாகாது. ஆடல் மங்கை என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமி அந்த வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை. அவளை வீட்டைவிட்டு விரட்டிய அண்ணனை அவ்வூரார் பழித்ததாக எவரும் எழுதி வைக்கவில்லை. அண்ணன் செய்த பாவத்தின் சுமை தங்கையின் தலைமேல் ஏறியது.

சோம்பரின் துணைவி

1765-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவள் வாழ்வில் குறுக்கிட்டவன் வால்டர் ரைன்ஹார்ட் என்னும் ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவன். வயதில் அவளைவிட ஏறத்தாழ முப்பதாண்டு மூத்தவன். பிரெஞ்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் படைவீரனாக இருந்து, பின்னர் இந்திய மன்னர் பலருக்குத் தன் படையை வாடகைக்கு விட்டவன். அவனது இருண்ட முகத்தோற்றத்தைக் கண்டு தோழர்கள் ‘சோம்பர்’ என்று அழைத்தனர் என்பர். அதுவே இந்துஸ்தானியர் நாவில் ‘சம்ரு’ ஆயிற்று.

அவன் கைகளில் இரத்தக்கறை இருந்தது. வங்காள நவாப் மீர் காசிமின் ஆணைப்படி 1763 அக்டோபரில் பாட்னாவில் ஆங்கிலேயக் கைதிகள் பலரைக் கொன்று குவித்தவன் அவனே. அதன்பின் எந்த ஊரிலும் அவனால் நிம்மதியாக உறங்க முடியவில்லை. ஆங்கிலேயர் அவனைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு மன்னர்களை வற்புறுத்திக்கொண்டே இருந்தனர். அயோத்தி, பரத்பூர் என்று இடம் மாறி மாறிச் சென்று, இறுதியில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் அமைச்சர் நஜப் கானிடம் பணியில் அமர்ந்தான். படைச்செலவுக்காகக் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட வளமிக்க சர்தானாப் பகுதி அவனுக்கு மானியமாகக் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய் வருமானம் தரும் நிலம் அது.

இந்த அலைச்சல் அனைத்திலும் பர்சானா அவனுடன் இருந்தாள். பாளையத்திலேயே வாழ்ந்து, படையினரின் பெயரையும் குணத்தையும் அறிந்தாள். ரைன்ஹார்ட்டுக்கு முன்பே ஒரு மனைவியும் ஒரு மகனும் உண்டு. அம்மனைவி மனநோயால் துன்புற்றவர். பின்னாளில் பேகம் அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோதும் அந்த அம்மாளைக் கைவிடவில்லை. சர்தானாவிலேயே வைத்துப் பேணினார். பேகம் மறைந்து ஈராண்டு கழித்து, 1838-இல்தான் அம்மூதாட்டி இறந்தார்.

படையின் தலைவி

1778 மே 4-ஆம் நாள் ரைன்ஹார்ட் ஆக்ராவில் இறந்தான். அவனது கல்லறை அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் உள்ளது. அவனுக்குப்பின் படையை நடத்துவது யார் என்ற கேள்வி எழுந்தது. மகன் சபர்யாப் கான் சிறுவன், திறமையும் போதாதவன். ஏறத்தாழ நாலாயிரம் இந்தியச் சிப்பாய்களும் எண்பதுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும் கொண்ட அப்படை ஒன்றுகூடி எடுத்த முடிவு வியப்புக்குரியது. அவர்கள் பேகத்தையே தலைவியாக ஏற்க விரும்பினர். அமைச்சர் நஜப் கான் இணங்கினார். பேரரசரும் ஒப்புதல் அளித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

அந்த ஐரோப்பியருள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர். குடியும் சண்டையுமே வாழ்வாகக் கொண்டவர். சம்பளம் ஒரு திங்கள் தவறினால் தலைவனையே பீரங்கியில் கட்டிவைக்கும் பழக்கமுடையவர்கள். இத்தகையோரை நான்கரை அடி உயரமே உள்ள ஒரு பெண் கட்டியாண்டார். தலையில் பாகையும் தோளில் காஷ்மீரச் சால்வையும் அணிந்து, பல்லக்கிலோ குதிரையிலோ படையுடன் செல்வார். பாசறை வாழ்வு கற்பித்த உறுதியும், ஆடலரங்கு கற்பித்த ஆளறியும் நுட்பமும் அவருக்குத் துணை நின்றன.

திருமுழுக்கு

கணவன் இறந்து மூன்றாண்டு கழித்து, 1781 மே 7-ஆம் நாள், ஆக்ராவில் கார்மேல் சபைத் துறவி கிரகோரியோ அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். ‘யோவன்னா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அவருடன் சபர்யாப் கானும் திருமுழுக்குப் பெற்றான்.

இது அரசியல் கணக்கு என்று கூறுவோர் உளர். ஐரோப்பிய அதிகாரிகளைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளவே மதம் மாறினார் என்பது அவர்கள் வாதம். பிறர் உள்ளத்தை ஊடுருவிப் பார்க்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் காலக்கணக்கைச் சிந்திப்போம். படை அவர் கைக்கு வந்தது 1778-இல். முஸ்லிம் பெண்ணாக இருந்தபோதே அதே ஐரோப்பியர் அவரைத் தலைவியாக ஏற்றுவிட்டனர். அவர் பணி செய்ததோ ஒரு முகலாயப் பேரரசரிடம். அந்நிலையில் மதம் மாறுவதால் பெறக்கூடிய உலக ஆதாயம் அதிகமில்லை. அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் அந்த விசுவாசத்தில் நிலைத்திருந்தார் என்பதையும் நாம் கருத வேண்டும்.

பேரரசரின் அன்பு மகள்

1783-இல் பகேல் சிங் தலைமையில் சீக்கியப் படை பெருந்திரளாகத் தில்லியை வளைத்தது. அப்போது பேகமே இருதரப்பாருக்குமிடையே தூது நடத்திச் சமாதானம் செய்து வைத்தார் எனச் சீக்கியர் வரலாற்று மரபு கூறும். சீக்கிய குருமார்களின் நினைவிடங்களில் குருத்துவாராக்கள் எழுப்ப இசைவு பெற்று, பகேல் சிங் பின்வாங்கினார். தில்லியில் இன்று புகழோடு விளங்கும் சீஸ் கஞ்ச், ரக்காப் கஞ்ச், பங்களா சாஹிப் ஆகியவை அவ்வாறு எழுந்தவையே. ஒரு கத்தோலிக்கப் பெண் பேசிய சமாதானத்தால் சீக்கியருக்கு வழிபாட்டிடம் கிடைத்தது. முகலாய நகரமும் தப்பியது.

1787-இல் ரோகில்லாத் தலைவன் குலாம் காதிர் தில்லியை அச்சுறுத்தினான். பேகத்தைத் தன் பக்கம் இழுக்க ஆசை காட்டினான். அவர் அதை உதறிவிட்டு, தம் படையோடு விரைந்து வந்து அரண்மனையைக் காத்து நின்றார். குலாம் காதிர் அப்போதைக்குப் பின்வாங்கினான்.

மறு ஆண்டு, 1788 ஏப்ரலில், ரேவாரிக்கு அண்மையிலுள்ள கோகுல்கர் கோட்டையைப் பேரரசர் முற்றுகையிட்டார். முற்றுகைப் படையினர் இரவெல்லாம் குடித்து மயங்கிக் கிடந்த வேளையில், கோட்டைக்குள் இருந்த கலகக்காரன் நஜப் குலி கான் பாய்ந்து தாக்கினான். பேரரசரின் கூடாரம் வரை குண்டுகள் வந்து விழுந்தன. சற்றுத் தொலைவில் பாளையமிறங்கியிருந்த பேகத்தின் படை மட்டுமே ஒழுங்காக இருந்தது. அவர் பல்லக்கில் ஏறிச் சிறு படையோடும் ஒரு பீரங்கியோடும் முன்னே சென்று, எதிரியை எதிர்த்து நின்று சுடச் செய்தார். பேரரசர் உயிர் தப்பினார். நன்றியால் நெகிழ்ந்த ஷா ஆலம் அவரைத் தம் ‘அன்பு மகள்’ என்று அழைத்துச் சிறப்பித்தார். ‘பெண்குலத்தின் அணிகலன்’ எனப் பொருள்படும் ‘செபுன்னிசா’ என்ற பட்டமும் பேரரசர் அவருக்கு அளித்ததே.

இப்போரில் பேகத்தின் வலக்கையாக நின்றவர் அயர்லாந்து நாட்டவரான ஜார்ஜ் தாமஸ். இவருக்கும் நம் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. ஆங்கிலக் கப்பலொன்றில் மாலுமியாகச் சென்னை வந்திறங்கி, கப்பலை விட்டு ஓடி, சிலகாலம் தென்னாட்டுப் பாளையக்காரர்களிடம் போர்வீரராக இருந்து, பின் நாடு முழுவதையும் கடந்து தில்லி சென்றவர் அவர்.

பேரரசரைக் காத்த கை எல்லா நாளும் அருகில் இருக்கவில்லை. 1788-இல் பேகம் சர்தானாவில் இருந்த காலத்தில் குலாம் காதிர் மீண்டும் தில்லியில் புகுந்தான். ஆகஸ்டுத் திங்களில் முதியவர் ஷா ஆலமின் கண்களைத் தோண்டினான்.

மறைவில் நடந்த மணம்

வீரத்தால் உயர்ந்தவர் இதயத்தின் குழப்பத்தால் சரிந்த காலமும் உண்டு. அவர் படையில் லெவசோல்ட் என்னும் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் இருந்தார். கல்வியும் நாகரிகமும் உடையவர். ஆனால் செருக்கு மிகுந்தவர். அவரது செல்வாக்கு வளர்ந்ததும் ஜார்ஜ் தாமஸ் மனம் வெறுத்துப் பேகத்தின் பணியினின்று விலகினார். 1793-இல் பேகம் லெவசோல்ட்டை மணந்தார். கிரகோரியோ அடிகளாரே மணத்தை நடத்தினார். இரு அதிகாரிகள் சாட்சிகளாயினர். ஆனால் மணம் நடந்த செய்தி படைக்கு அறிவிக்கப்படவில்லை.

மறைத்ததுதான் பிழையாயிற்று. பழைய தலைவனின் விதவையாக அவரை மதித்த படையினர், அவருக்குக் கள்ளக் காதலர் உண்டு எனப் பேசத் தொடங்கினர். மற்ற அதிகாரிகளைப் பேகத்தின் உணவு மேசையில் சமமாக அமரவிடலாகாது என்று லெவசோல்ட் தடுத்தார். புகைந்த சினம் 1795-இல் வெடித்தது. கலகக்காரர் சபர்யாப் கானைத் தலைவனாக்கினர். கணவனும் மனைவியும் ஆங்கிலேயர் எல்லையை நோக்கி இரவோடிரவாகப் புறப்பட்டனர். பிடிபட்டால் இருவரும் உயிரை மாய்த்துக்கொள்வது என்று தமக்குள் உறுதி செய்திருந்தனர்.

துரத்தி வந்தோர் நெருங்கினர். பல்லக்கிலிருந்த பேகம் குறுவாளால் மார்பில் குத்திக்கொண்டார். பணிப்பெண்களின் அலறலையும் குருதி படிந்த துணியையும் கண்ட லெவசோல்ட், மனைவி இறந்தாரென நம்பித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தார். பேகமோ இறக்கவில்லை, காயம் ஆழமாகப் படவில்லை. வேண்டுமென்றே நடித்தார் என்று தூற்றுவோரும் உளர். கை நடுங்கிற்று என்போரும் உளர். உண்மை கடவுளுக்கே வெளிச்சம். தன்னுயிரை மாய்க்கத் துணிந்தது பெரும் பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தக் கணத்தில் அவர் நெஞ்சில் இருந்த இருளை எண்ணி இரங்குவதும் நம் கடமையே.

சர்தானாவுக்கு இழுத்துவரப்பட்ட அவரைப் பீரங்கி வண்டியில் கட்டிவைத்தனர். பல நாட்கள் வெயிலில் கிடந்தார். அவருக்கு உண்மையாயிருந்த ஒரு பணிப்பெண் மறைவாகக் கொண்டுவந்த உணவே உயிரைக் காத்தது. அந்நிலையில் அவர் உதவி கோரி எழுதியது யாருக்குத் தெரியுமா? தம்மால் புறக்கணிக்கப்பட்டுச் சென்ற ஜார்ஜ் தாமஸுக்கே! அவரும் பழையதை மனத்தில் வையாது, மராட்டியர் துணையோடு வந்து கலகத்தை அடக்கி, பேகத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார். பல ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் தம் நிலத்தை இழந்து 1802-இல் இறந்தபோது, அவருடைய மனைவி மக்களை ஆதரித்தவர் பேகம். நன்றி மறவாத நட்பு இது. மன்னிக்கத் தெரிந்தவரும், மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவரும் சந்தித்ததால் ஒரு குடும்பமும் ஓர் ஆட்சியும் பிழைத்தன.

அதன்பின் பேகம் மறுமணம் எண்ணவில்லை. இறுதி வரை ‘சோம்பர்’ என்ற பெயரையே தாங்கினார்.

ஆங்கிலேயர் நிழலில்

1803 செப்டம்பரில் நாட்டின் விதி மாறியது. 11-ஆம் நாள் நடந்த போரின் பயனாகத் தில்லி ஜெனரல் லேக்கிடம் வீழ்ந்தது. 23-ஆம் நாள் தக்காணத்து அசாயேயில் மராட்டியரை ஆர்தர் வெல்லெஸ்லி முறியடித்தார். சிந்தியாவின் கட்டளைக்குட்பட்டு அசாயே சென்றிருந்த பேகத்தின் பட்டாளங்கள் பெரும் சிதைவின்றித் திரும்பின. காற்று எப்பக்கம் வீசுகிறதென்று கண்ட பேகம் ஆங்கிலேயரோடு உடன்பாடு பேசினார்.

அப்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். லேக் பெருமகனாரைக் காணப் பேகம் அவர் பாசறைக்குச் சென்றார். விருந்துண்டு களித்திருந்த லேக், மேனாட்டு வழக்கப்படி அவரை வாரியணைத்து முத்தமிட்டுவிட்டார். பேகத்தின் மெய்க்காவலர் திகைத்துக் கத்தியில் கை வைத்தனர். பேகமோ பதறாமல், மனந்திரும்பிய மகளுக்குப் பாதிரியார் இடும் சமாதான முத்தம் இதுவே என்று தம் ஆட்களிடம் கூறிச் சிரித்தார். ஒரு சொல்லால் இருதரப்பு மானமும் காக்கப்பட்டது.

1805-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவர் உயிரோடுள்ள வரை சர்தானா அவருக்கே உரியது. ஆனால் அவருக்குப்பின் அது கம்பெனியைச் சேரும். இந்தக் கடைசி நிபந்தனை அவர் நெஞ்சில் முள்ளாகவே தைத்திருந்தது. எனினும் வாக்குத் தவறவில்லை. 1825-ஆம் ஆண்டின் இறுதியில் பரத்பூர் கோட்டையை ஆங்கிலப்படை முற்றுகையிட்டபோது, எழுபதைக் கடந்த முதுமையிலும் தம் படையுடன் களத்திற்குச் சென்றார்.

சிறுமியாக அவர் அழுதுகொண்டு வெளியேறிய கூத்தானாவும் அவரது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் ஒன்றாக இருந்தது.

அன்னைக்கு ஓர் ஆலயம்

அமைதி வந்ததும் பேகம் தம் உள்ளத்தை ஆலயப்பணியில் செலுத்தினார். அவரது படையில் அதிகாரியாயிருந்த இத்தாலியர் அந்தோனியோ ரெகெல்லினி வரைபடம் அமைத்தார். 1809-இல் தொடங்கிய பணி 1822 வரை நடந்தது. சுமார் நான்கு இலட்சம் ரூபாய் செலவாயிற்று. கட்டுமானத்திற்கு மண் எடுத்த பள்ளங்களே அருகிலுள்ள இரு ஏரிகள் என்பர். முன் மண்டபத்தைப் பதினெட்டுத் தூண்கள் தாங்குகின்றன. உள்ளே வெண்சலவைக் கல்லாலான பலிபீடத்தில், தாஜ்மகாலில் காணும் வகையில் வண்ணக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கிரேக்கத் தூண்களும் முகலாயக் கைவண்ணமும் உரோமைக் குவிமாடமும் ஒரே கூரையின்கீழ் இணைந்துள்ளன. அவரைப் போலவே அவர் கட்டிய ஆலயமும் பல மரபுகளின் சங்கமம்.

திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் 1834-இல் சர்தானாவைத் தனி அப்போஸ்தலிக்க விகாரியாத்தாக உயர்த்தி, ஜூலியஸ் சீசர் ஸ்கோத்தி என்னும் கப்புச்சின் துறவியை ஆயராக்கினார். அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் இவ்வாலயத்தைப் ‘பசிலிக்கா’ நிலைக்கு உயர்த்திச் சிறப்பித்தார்.

பேகத்தின் கொடை சர்தானாவோடு நிற்கவில்லை. மீரட்டில் சிற்றாலயம் எழுப்பினார். கல்கத்தா, பம்பாய், சென்னை, ஆக்ரா ஆகிய மறைபரப்புத் தளங்களுக்குப் பொருளுதவி செய்தார். உரோமைக்கும், ஆங்கிலிக்கத் திருச்சபைக்கும்கூட அறநிதி அனுப்பினார். உள்நாட்டுக் குருக்களைப் பயிற்றுவிக்கவும் ஏழைகளைப் பேணவும் நிதி ஒதுக்கினார். கிறிஸ்து பிறப்பு விழாவன்று நள்ளிரவுப் பூசைக்குப் பின் மூன்று நாட்கள் சர்தானாவில் விருந்தும் வாணவேடிக்கையும் நிகழும். தீபாவளியும் ஹோலியும் அவர் மாளிகையில் விலக்கப்படவில்லை. திவான் ராய் சிங் இந்து. குதிரைப்படைத் தலைவர் இனாயத்துல்லா முஸ்லிம்.

ஆட்சியின் இரு முகங்கள்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் வரலாறு எழுதியவர் ஆகமாட்டோம். அவரது வாழ்வில் கொடுமையான ஒரு நிகழ்ச்சியைப் பலரும் குறித்துள்ளனர். அவர் வெளியே சென்றிருந்தபோது, அடிமைப் பெண்கள் இருவர் ஆக்ராவிலுள்ள வீட்டிற்குத் தீவைத்துவிட்டு ஓடினர். பிடிபட்ட அவர்களுக்குச் சவுக்கடி கொடுத்து உயிரோடு புதைக்கச் செய்தார் என்பது அச்செய்தி. படையை அச்சத்தால் அடக்கவே அவ்வாறு செய்தார் எனச் சிலர் விளக்கம் கூறுவர். எந்த விளக்கமும் அக்கொடுமையை நியாயமாக்காது. தாமே ஒருகாலத்தில் பிறர் வீட்டில் அடைக்கலம் புகுந்த ஏழைச் சிறுமியாயிருந்தவர், இரு ஏழைப் பெண்களுக்கு இரங்கவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதிகாரம் பழைய கண்ணீரை மறக்கச் செய்துவிடும்.

குடிகளிடமும் அவர் தண்டிய வரி கடுமையானதே. அவருக்குப்பின் நிலவரியைத் திருத்தியமைத்த ஆங்கில அதிகாரி பிளௌடன் இரண்டையும் எழுதி வைத்தார். உழவனின் பிழைப்புக்கு வேண்டியதைத் தவிர மற்ற யாவும் அரசுக்குச் சென்றது. அதேவேளையில் விதைக்கும் மாட்டுக்கும் முன்பணம் கொடுத்து, நிலம் தரிசாகாமல் பார்த்துக்கொண்டதும் அவரே. அவர் கண்ணும் கையும் வலுவாயிருந்த வரை அம்முறை நடந்தது. முதுமையில் நிருவாகம் பிறர் கைக்குச் சென்றதும் பல உழவர் ஊரைவிட்டு ஓடினர். ஒருவரின் திறமையை மட்டுமே நம்பி நிற்கும் ஆட்சி அவரோடு தளர்ந்துவிடும்.

மறைவும் மரபுரிமையும்

1836 சனவரி 27-ஆம் நாள், ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில், பேகம் யோவன்னா சர்தானாவில் உயிர்நீத்தார். உடன்பாட்டின்படி கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சபர்யாப் கானின் மகள்வழிப் பேரன் டேவிட் அக்டர்லோனி டைஸ் சோம்பரை வளர்ப்பு மகனாக வளர்த்துப் பெருஞ்செல்வத்தை விட்டுச் சென்றார். அச்செல்வம் அவ்விளைஞருக்கு நலம் செய்யவில்லை. இங்கிலாந்து சென்று, பிரபு குலப் பெண்ணை மணந்து, 1841-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். அந்த அவையில் அமர்ந்த முதல் இந்திய வம்சாவளியினர் அவரே. மறு ஆண்டே தேர்தல் ஊழல் காரணமாக அப்பதவி பறிபோயிற்று. 1843-இல் மனநலமற்றவரெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். தம் அறிவுத்தெளிவை மெய்ப்பிக்கப் போராடியே 1851-இல் இலண்டனில் இறந்தார். பின்னர் அவரது உடல் சர்தானாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பேகத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவ்விளைஞர் செய்த ஒரு நற்செயல் இன்றும் நிலைத்துள்ளது. உரோமைச் சிற்பி அதாமோ ததோலினியைக் கொண்டு பேகத்தின் கல்லறைக்கு வெண்பளிங்கு நினைவுச்சின்னம் சமைத்தார். உச்சியில் கையில் அரசாணைச் சுருளோடு பேகம் அமர்ந்திருக்கிறார். கீழே ஆயரும் திவானும் படைத்தலைவரும் சூழ நிற்கின்றனர். அவரது சர்தானா மாளிகையில் இன்று பள்ளி நடக்கிறது. பழைய மாளிகை குருமட மாணவர்க்குப் பயன்பட்டது. தில்லிச் சாந்தினி சவுக்கில் அவர் கட்டிய மாளிகையோ இப்போது ‘பாகீரத் பேலஸ்’ என்ற பெயரில் மின்பொருள் அங்காடியாக இரைச்சலோடு விளங்குகிறது. அங்கே மின்விளக்கு வாங்கச் செல்வோருள் எத்தனை பேர் அதன் பழைய உரிமையாளரை அறிவர்?

நம் சிந்தனைக்கு

இவ்வரலாற்றைப் படிப்போர் இரு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும். ஆலயம் கட்டியவர் ஆதலால் எல்லாம் மன்னிக்கப்பட்டது என்பது ஒன்று. ஆடல் மங்கையாயிருந்து குருதிக்கறை படிந்தவர் ஆதலால் அவரது பக்தி வெறும் வேடம் என்பது மற்றொன்று. முதலாவது நீதியை மறக்கிறது. இரண்டாவது இரக்கத்தை மறக்கிறது. திருமுழுக்கு ஒரே நாளில் நடந்துவிடுகிறது. மனமாற்றமோ வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டியது. பேகம் அவ்வழியில் தடுமாறினார், விழுந்தார், எழுந்தார். நாமும் அவ்வாறே நடக்கிறோம்.

குடும்பத் தலைவர்களே, உடன்பிறந்தாளின் பங்கை மறுத்து அவளைத் தெருவில் நிறுத்தும் அண்ணன்மார் இன்றும் இல்லையா? கணவனை இழந்தவளுக்கு வீட்டுத் திறவுகோலைத் தர மறுக்கும் உறவினர் இல்லையா? கூத்தானாவில் அன்று துரத்தப்பட்ட சிறுமி அரசியானாள். ஆனால் அவ்வாறு துரத்தப்பட்ட ஆயிரமாயிரம் சிறுமியர் பெயரின்றி அழிந்தனர். ஒருத்தி உயர்ந்தாள் என்பதைக் காட்டி மற்றவர்க்கு இழைத்த தீங்கை நாம் மறந்துவிடலாகாது. பெண்ணின் கையில் பொறுப்பைக் கொடுத்தால் தாங்குவாளா என்று ஐயுறுவோருக்குப் பேகத்தின் ஐம்பத்தெட்டு ஆண்டு ஆட்சி போதிய மறுமொழி.

வடநாட்டுப் பயணம் மேற்கொள்ளும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிட்டுமாயின், தில்லி, ஆக்ராவோடு திரும்பிவிடாமல் சர்தானாவுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள். அருள்களின் அன்னையின் திருமுன் முழந்தாளிட்டபின், இடப்புறமும் வலப்புறமும் நோக்கி அந்தப் பளிங்குக் கல்லறையைத் தேடிக் காணுங்கள். யோவன்னாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு செபமும், அவரால் துன்புற்றோருக்காக மற்றொரு செபமும் சொல்லுங்கள்.